அத்தியாயம் 6: ஆறு எத்தனை ஆறு?

கும்பகோணத்தில் ஒருவரைத் தேடி அவருடைய கடைக்குப் போகிறீர்கள். "ஆத்துக்குப் போயிருக்கார்" என்று பதில் வருகிறது. எங்கே போயிருக்கிறார்? காவிரிக் கரைக்கா, வீட்டுக்கா? சொன்னவர் யார் என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. அக்ரகாரத்துப் பேச்சில் ஆத்துக்கு என்றால் வீட்டுக்கு. மற்றத் தெருக்களில் ஆற்றுக்கு. உள்ளேயிருந்து யாராவது "அந்தக் காப்பியக் கொஞ்சம் ஆத்திக் குடு" என்று குரல் கொடுத்தால் அது மூன்றாவது ஆத்து.

எழுதிப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வீடு என்பது அகம். அகத்துக்கு என்பதில் நடுவிலுள்ள ககரம் தேய்ந்து ஆத்துக்கு ஆனது. ஆத்துக்காரர், ஆத்துக்காரி எல்லாம் இந்த வழி. நதிக்குப் போனவர் ஆற்றுக்குப் போனவர். டெல்டாப் பேச்சில் ற்ற எல்லாம் த்த ஆகிவிடும்: நாற்று நாத்து, காற்று காத்து, சேற்றில் இறங்கினால் சேத்துல. காப்பியை ஆற்றுவதும் அப்படியே ஆத்துவது ஆனது. மூன்று சொற்கள், இரண்டு வழிகள், கடைசியில் ஒரே ஒலி.

ஒலிகள் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. தேயத் தேய, தொடர்பில்லாத சொற்கள் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. ஒரே சொல் இரண்டு ஊர்களில் அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது. அப்படியானால் எந்தச் சொல் எதற்கு உறவு என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஆத்தை விட்டுவிட்டு ஆறுக்கு வருவோம். இலக்கியத் தமிழிலேயே இரண்டு ஆறு உண்டு. ஒன்று நதி, இன்னொன்று எண். ஒலியில் இம்மியும் வேறுபாடு இல்லை. இவை ஒரு சொல்லா, இரண்டு சொல்லா? தமிழுக்குள் மட்டும் தேடினால் தீர்ப்பு கிடைக்காது. சாட்சியை வெளியிலிருந்து கூப்பிட வேண்டும். டெல்டாவில் அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. தஞ்சையை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் (1673 வரை) அரண்மனை மொழி தெலுங்கு. பின்னால் வந்த மராத்தியரும் அதைக் கைவிடவில்லை. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767–1847) பாடியது தெலுங்கில். ஐந்து ஆறுகளின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்த அவர் மொழியில் நதிக்கு 'ஏரு' என்று பெயர். எண் ஆறுக்கோ 'ஆரு'. தமிழில் ஒன்றாகிவிட்டவை தெலுங்கில் தனித்தனியே நிற்கின்றன.

இது ஒரு சொல்லில் நடந்த விபத்தா என்று அடுத்துக் கேட்க வேண்டும். தமிழ் ஆனை தெலுங்கில் ஏனுகு. தமிழ் ஆண்டு அங்கே ஏடு. தமிழ் ஆடு, கிடாவைக் குறிக்கும் பழைய தெலுங்குச் சொல்லில் ஏட. ஆனால் கூத்தாடுகிற, விளையாடுகிற ஆடு தெலுங்கிலும் ஆடுதான். பசுவாகிய ஆ அங்கே ஆவு. ஆறிப்போவது ஆரு. ஏன் சிலவற்றில் மட்டும் ஆகாரம் ஏகாரமாகிறது?

சங்க நூல்களைத் திறந்தால் விடை இருக்கிறது. அங்கே நதி யாறு, விலங்கு யானை, வருடம் யாண்டு, கால்நடை யாடு. நான்கிலும் முன்னால் ஒரு யகரம். எண் ஆறுக்கும் கூத்தாடும் ஆடுக்கும் பசுவான ஆவுக்கும் அந்த யகரம் இல்லை. தமிழில் யகரம் சத்தமில்லாமல் உதிர்ந்தது. யானையில் மட்டும் எழுத்து வழக்கு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தெலுங்கிலும் உதிர்ந்தது. ஆனால் போகிறபோக்கில் பக்கத்து ஆகாரத்தைத் தன் பக்கம் இழுத்து ஏகாரமாக்கிவிட்டுப் போனது. யகரம் சொல்லும்போது நாக்கு இருக்கும் இடத்துக்கு அருகில்தான் ஏகாரம் பிறக்கிறது. சொல்லிப் பார்த்தால் வாயே சாட்சி சொல்லும். (திருவையாற்றில் உள்ள யகரம் உடம்படுமெய் என்று இலக்கண ஆசிரியர்கள் சொல்வார்கள். பழைய யாறே அங்கு ஒளிந்திருக்கிறது என்று வாதாடவும் இடமுண்டு. இரண்டு வழியிலும் எழுத்து ஒன்றே என்பதால் வழக்கு முடியாது.)

எண் ஆறின் கதை வேறு. கோண்டி மொழியில் ஆறுக்கு 'சாருங்'. முன்னால் ஒரு சகரம் இருந்து, தமிழிலும் தெலுங்கிலும் அது தொலைந்திருக்கிறது. ஆக நதி ஒரு காலத்தில் யகரத்தில் தொடங்கியது, எண் சகரத்தில் தொடங்கியது. இரண்டும் முதலெழுத்தை இழந்தபின் தமிழில் மோதிக்கொண்டன. தெலுங்கும் இந்த விளையாட்டில் தப்பவில்லை. ஏழு என்ற எண்ணும் ஆண்டும் அங்கே மோதி இரண்டும் 'ஏடு' ஆகிவிட்டன.

இப்போது சொன்னதில்தான் மொழிகளை ஒப்பிடும் துறையின் முழு முறையும் அடங்கியிருக்கிறது. இரண்டு சொற்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கின்றனவா என்பது கேள்வியே அல்ல. ஆறும் ஏருவும் ஒன்றுபோல இல்லை. ஏனுகுவும் யானையும் சுமாராகத்தான் ஒத்துப்போகின்றன. ஆனால் 'இங்கே பழைய யா இருந்தால் அங்கே ஏ' என்ற ஒழுங்கு மீண்டும் மீண்டும் வருகிறது. ஒழுங்கு இருந்தால் உறவு உண்டு. ஒற்றை ஒற்றுமை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சாட்சியம் ஆகாது.

தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் என்று ஐரோப்பிய அறிஞர்கள் நம்பியிருந்த காலத்தில், சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அதை மறுத்தது வேர்ச்சொற்களை அருகருகே அடுக்கிக் காட்டித்தான். கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு முன்குறிப்பாக அது 1816-இல் வெளிவந்தது. நாம் பெரிதாகப் பேசும் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856-இல், 40 ஆண்டுகள் கழித்து. எல்லிஸின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் உரிய அளவுக்கு ஏறவில்லை.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு ஒழுங்கைக் கல்லில் பார்க்கலாம். ஒகேனக்கல் என்ற பெயரில் இருப்பது கன்னட 'ஹொகெ'யும் கல்லும். ஹொகெ என்றால் புகை. அருவி எழுப்பும் நீர்த்திவலை புகைபோல் தெரிவதால் அந்தப் பெயர். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும்: பால் ஹாலு, பல் ஹல்லு, பொன் ஹொன்னு, புல் ஹுல்லு, பழம் ஹண்ணு. புலி 'ஹுலி', புளி 'ஹுளி'. நம் சாம்பாரைப் போன்ற குழம்புக்கும் கன்னட வீடுகளில் ஹுளி என்றே பெயர். லகர ளகரத்தில் வழுக்கினால் இலையில் புலி வந்து உட்காரும்.

பழைய கன்னடக் கல்வெட்டுகளில் இச்சொற்கள் பகரத்தோடுதான் இருக்கின்றன. ஹகரம் சுமார் 10-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் மெல்லப் பரவுகிறது. அதாவது ராஜராஜன் காலத்தில் மேட்டூருக்கு மேற்கே இருந்தவரும் பால் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதே ஹகரம் நம்மை ஏமாற்றவும் செய்யும். சிங்களத்தில் அரிசிக்கு 'ஹால்'. கன்னடத்தில் பாலுக்கு 'ஹாலு'. வெள்ளை நிறத்தை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வரும். ஆனால் சிங்கள ஹகரம் பெரும்பாலும் பழைய சகரத்திலிருந்து வந்தது. ஹால் என்பது நம் புலவர்களும் எடுத்தாண்ட 'சாலி'. கன்னட ஹகரம் பகரத்திலிருந்து வந்தது. ஒரே எழுத்து, இரண்டு வெவ்வேறு பூர்வீகம். சொல்லுக்குப் பின்னால் அந்த மொழியின் ஒலி வரலாறு தெரியாதவர் இங்கே கட்டாயம் வழுக்குவார்.

நம் ழகரம் தெலுங்கில் டகரமாகும்: ஏழு ஏடு, கோழி கோடி. இதே ஒழுங்கில் சோழன் 'சோட' ஆகிறான். அசோகரின் 2-ஆம் பாறைக் கட்டளையில் சோழர்கள் 'சோட' என்றே வருகிறார்கள். ஆந்திரத்தில் ஆண்ட கிளையினர் தெலுங்குச் சோடர்கள். கடல்வழி வந்த போர்ச்சுக்கீசியரின் வாயில் ழகரம் ரகரமாகி, சோழமண்டலம் கோரமண்டலமாயிற்று. மண்ணின் பெயரே இப்படி மூன்று வேடம் போட்டிருக்கிறது.

நாற்றங்காலில் இறங்கினால் தமிழ்ப் பெருமைக்குக் கொஞ்சம் இடி. மலையாளத்தில் நாற்றுக்கு 'ஞாறு', வரப்பைத் துளைக்கும் நண்டுக்கு 'ஞண்டு', நானுக்கு 'ஞான்'. நம் காதுக்கு மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். ஆனால் பழந்தமிழிலும் ஞெண்டு இருக்கிறது. ஞாயிறை நாமே இன்னும் நாயிறு ஆக்காமல் எழுதுகிறோம். இங்கே பழையதை வைத்திருப்பது மலையாளம், மாறியது தமிழ். எண் ஆறில் பழைய சகரத்தை வைத்திருப்பது கோண்டி. யாற்றின் யகரத்துக்குத் தடயம் வைத்திருப்பது தெலுங்கு. எழுத்து இல்லாமல் காட்டில் பேசப்பட்ட மொழி ஒன்று, சங்கத் தமிழில்கூட இல்லாத ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 'எல்லாம் தமிழிலிருந்து போனது' என்று மேடையில் முழங்குபவர்கள் கோண்டியின் சாருங்குக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஒலி ஒத்து, உறவும் உண்மையாக இருந்து, பொருள் மட்டும் விலகிப்போவதும் உண்டு. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். கொள்ளிடக் கரைக்காரருக்கு வெள்ளம் என்றால் மூட்டை கட்ட வேண்டிய செய்தி. அவர்கள் பெருக்கைச் சொல்ல வெள்ளப்பொக்கம் என்று இன்னொரு சொல்லைச் சேர்க்கிறார்கள்.

உறவுச் சொல் வேறு, கடன் சொல் வேறு. மலாய் மொழியில் கப்பலுக்கு 'காப்பால்', கடைக்கு 'கெடை', கட்டிலுக்கு 'காத்தில்', முதலீட்டுக்கு 'மோடால்'. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்கு வழங்கப்பட்டது. அப்படிப் போக்குவரத்து இருந்த கடலில் சொல்லும் சரக்கோடு ஏறிப் போயிருக்கிறது. கடன் என்று எப்படித் தெரியும்? ஒத்துப்போகும் சொற்கள் எல்லாம் கடையும் கப்பலும் தட்டுமுட்டுச் சாமானும்தான். கை, கண், இரண்டு, மூன்று, நான், நீ எதுவும் ஒத்துப்போகவில்லை. கட்டிலுக்குத் தமிழில் கட்டு என்ற வேர் இருக்கிறது. மலாயில் அது சொந்தபந்தம் இல்லாமல் நிற்கிறது.

நாம் வாங்கிய கடனும் கொஞ்சமல்ல. அட்டவணை என்ற சொல் அச்சு அசலாகத் தமிழ்போல இருக்கிறது. தமிழ்ப் பேரகராதி அதை மராத்தியில் சேர்க்கிறது. அங்கே 'ஆட்டவண்' என்றால் நினைவு. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்தியரின் மொழி நம் கணக்கு வழக்கில் ஊறிய அளவுக்கு இது ஒரு சின்ன அடையாளம்.

அந்த மராத்தியரை வைத்து ஊரெல்லாம் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஷாஜி மன்னர் (1684–1712) அரண்மனைக்கு சிவாஜியின் மகன் சம்பாஜி விருந்துக்கு வந்தாராம். அன்று ஆம்டி என்ற பருப்புக் குழம்புக்குப் போடும் கோகம் புளி தீர்ந்துபோய், நம் புளியைக் கரைத்து ஊற்றினார்களாம். குழம்பு ருசித்ததால் விருந்தாளி பெயரே அதற்கு வந்து சாம்பார் ஆயிற்றாம். சம்பாஜி 1689-இல் ஔரங்கசீப்பால் கொல்லப்பட்டார். ஆகவே காலம் இடிக்கவில்லை, சொல்தான் இடிக்கிறது. சம்பாரம் என்ற சொல், சமையலுக்குக் கூட்டும் சரக்கு என்ற பொருளில், மராத்தியர் வருவதற்கு முன்பே 16-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் இருக்கிறது. வடமொழியில் 'சம்பார' என்றால் ஒன்றுசேர்த்தது. கேரளத்தில் சம்பாரம் கேட்டால் இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்ட நீர்மோர் கொடுப்பார்கள். கூட்டிச் சேர்த்த மசாலாவில் ஒரு பிரிவு மோரில் விழுந்தது, ஒரு பிரிவு பருப்பில் விழுந்தது. குழம்பைத் தஞ்சை அரண்மனை மெருகேற்றியிருக்கலாம், அதை மறுக்க வேண்டியதில்லை. பெயரை மட்டும் சம்பாஜிக்குத் தர முடியாது.

அடுத்தது அரிசி. கிரேக்க 'ஒரைசா' நம் அரிசியிலிருந்து போனது என்று கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்லி வருகிறோம். டெல்டாக்காரருக்கு இதைவிட இனிப்பான செய்தி இல்லை. ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று வேறு பாதையைக் காட்டுகிறார்கள். வடமொழியில் நெல்லுக்கு 'வ்ரீஹி'. ஆப்கானிஸ்தானின் பஷ்தூவில் அரிசிக்கு 'வ்ரிஜெ' போன்ற வடிவம். ஒரைசாவில் உள்ள முதல் உயிரும் நடு ரகரமும் கடைசி ஜகர ஒலியும் இந்த வடமேற்கு வடிவத்திலிருந்து எளிதாக வரும். அலெக்சாந்தரின் படை நெல்வயலைப் பார்த்ததும் அந்தப் பக்கம்தான். முசிறிக்கோ புகாருக்கோ யவனக் கப்பல் வந்து குவிந்தது சில நூற்றாண்டுகள் கழித்து. அந்த வ்ரீஹிக்கும் மூலம் ஒரு திராவிடச் சொல்லாக இருக்கலாமா என்பது தனி வாதம். தெலுங்கில் நெல்லுக்கு 'வரி' என்று இருப்பதால் அதைக் கிளப்புகிறவர்கள் உண்டு. அரிசிக்கு ஐயம் இல்லாத உறவினர் வேறு இடத்தில் இருக்கிறார்கள்: மலையாள, துளு 'அரி', கன்னட, குடகு 'அக்கி'.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் 'பேடி'யைப் படித்துவிட்டு, இது நம் மரக்கால், படியிலிருந்து வந்திருக்குமோ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. அது மலாய் 'பாடி'. தாகலாக் மொழியில் அதே சொல் 'பாலாய்'. பசிபிக் தீவுகள்வரை பரவிய ஒரு மொழிக்குடும்பத்தின் சொத்து. அளக்கும் படிக்கும் அளக்கப்படும் பாடிக்கும் களத்துமேட்டில் ஏற்பட்ட சந்திப்பு, அவ்வளவே.

இத்தகைய சந்திப்புகள் எவ்வளவு எளிது என்பதற்குச் சின்னக் கணக்கு போடலாம். ஒரு மொழியில் 10 மெய், 5 உயிர் என்று வைத்துக்கொள்வோம். மெய்–உயிர்–மெய் என்ற வடிவில் 10 × 5 × 10 = 500 சொற்கள் அமையும். இன்னொரு மொழியில் ஒரு பொருளுக்கு அதே வடிவம் தற்செயலாக வர வாய்ப்பு 500-இல் 1. 2000 பொருள்களை ஒப்பிட்டால் 4 சொற்கள் சும்மாவே பொருந்தும். 'பொருள் கொஞ்சம் விலகலாம்' என்று ஒவ்வொன்றுக்கும் 5 பொருள்களை அனுமதித்தால் 20. 'ப, வ ஒன்றுதான். ல, ர ஒன்றுதான்' என்று இரண்டு மெய்யையும் ஆளுக்கு இரண்டு மடங்கு தளர்த்தினால் 80. ஒரு புத்தகம் எழுத 80 சொற்கள் போதும்.

ஆஸ்திரேலியாவின் ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்கு 'டாக்'. ஆங்கிலத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை; பக்கத்து மொழியில் 'குடக' என்று இருப்பது அங்கே முன்பாதி தேய்ந்து அப்படி ஆனது. அம்மா, அப்பா போன்றவை கணக்கிலேயே சேராது. பச்சைக் குழந்தையின் உதட்டில் முதலில் வரும் ஒலிகள் எந்த நாட்டிலும் அவைதான். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா!

கொரிய நாடகங்கள் பார்க்கும் பிள்ளைகள் இப்போது கேட்கும் கேள்வி ஒன்று: கொரியனில் புல்லுக்கு 'புல்', வாவுக்கு 'வா', இது எப்படி? ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-லேயே நூல் எழுதியிருக்கிறார். புல்லைச் சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். 15-ஆம் நூற்றாண்டில் கொரிய எழுத்து உருவானபோது அச்சொல் உகரத்தோடு இல்லை. உதட்டைக் குவிக்காமல் சொல்லும் வேறொரு உயிர், நம் 'அது' என்பதன் கடைசிக் குற்றியலுகரத்துக்கு நெருக்கமானது, அங்கே இருந்தது. பகரம் உதட்டொலி என்பதால் பக்கத்து உயிரும் சுமார் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உதடு குவிந்து உகரமாயிற்று. தண்ணீருக்கும் நெருப்புக்குமான கொரியச் சொற்களிலும் இதே மாற்றம்தான். ஆக நாம் வியக்கும் ஒற்றுமையின் நடுப்பகுதிக்கு வயது 350 ஆண்டுகூட இல்லை. காலத்தில் பின்னோக்கிப் போகப் போக உறவுச் சொற்கள் நெருங்க வேண்டும், இவை விலகுகின்றன. புல்லின் உடன்பிறப்பு மைசூர்ப் பக்கத்து ஹுல்லுதான்.

ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவை இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பழைய ஜப்பானிய இலக்கியத்தில் கரைகண்டவர். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரின் துணையோடு தமிழ் கற்று, நெல் வேளாண்மைச் சொற்கள் உட்பட சில நூறு சொல் இணைகளைத் திரட்டினார். வட ஜப்பானில் ஜனவரி மாத நடுவில் நடக்கும் சடங்கையும் நம் பொங்கலையும் பக்கத்தில் வைத்தார். உழைப்பு பெரிது. ஆனாலும் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அவருடைய பட்டியலில் ஒரு ஜப்பானிய ஒலிக்கு எதிராகப் பல தமிழ் ஒலிகள் நிற்கின்றன, பொருளும் அங்கங்கே வளைகிறது. யாறு–ஏருபோல அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அந்தப் பட்டியல் உதவுவதில்லை. என் தீர்ப்பும் அதுவே. ஓனோ நம் மொழிமீது கொண்ட அன்புக்கு நன்றி சொல்லலாம். அதற்காக முடிவை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த அத்தியாயத்தில் வந்த சொற்களில் பெரும்பாலானவற்றை நீங்களே சரிபார்க்கலாம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பும், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அடுத்த முறை யாராவது உங்களுக்கு ஒரு வியப்பான சொல் ஒற்றுமையை அனுப்பினால், அதே ஒலி மாற்றத்தைக் காட்டும் இன்னும் இரண்டு சொற்களைக் கேளுங்கள். கூடவே உங்கள் ஊர் மடையிலும் களத்திலும் புழங்கி, அந்த இரண்டு அகராதிகளிலும் இல்லாத சொல் ஏதாவது பெரியவர்கள் வாயில் வந்தால், ஊர்ப் பெயரோடும் பொருளோடும் எழுதி வையுங்கள்.